பதினைந்தாம் ஷாட்டில் ஒரு பல் செட்

மார்ச் 3, செவ்வாய்

ஒரு தவறைத் திருத்த வேண்டும். நேற்று முடித்த ஷாட் பட்டியலில், பதினைந்துக்கு நேரே, "கட்டிலருகே ஸ்டூல். அதன்மேல் தம்ளர். தம்ளரில் பனிக்கட்டி" என்று எழுதியிருக்கிறேன். பனிக்கட்டி இல்லை. பல் செட். மேல் செட், முழுசு.

பல் செட் செய்யும் லேபில் வேலை பார்க்கிறவள் நான். வாரத்துக்கு நாற்பது செட்டாவது என் கையில் பாலிஷ் ஆகிறது. முதலாளி என்னைக் கூப்பிடுவதே 'பாலிஷ்' என்றுதான். படம் கறுப்பு வெள்ளை, பிரதி தேய்ந்தது, தண்ணீர் கலங்கல் என்று காரணங்கள் சொல்லலாம். ஆனால் அத்தை மூக்குக்கண்ணாடிகூடப் போடாமல் கண்டுபிடித்தாள்.

"அடி மக்கு, பனிக்கட்டியா அது? பல்லுடி!"

பட்டியல் எதற்கு என்றும் எழுதிவிடுகிறேன். செவ்வாய், வியாழன் மாலைகளில் 'சினிமாவைப் பார்ப்பது எப்படி' என்ற வகுப்புக்குப் போகிறேன். ஒரு பள்ளிக்கூடத்தின் மாடியில், பத்து வயதுப் பிள்ளைகளுக்கான பெஞ்சில், முட்டி காதைத் தொட உட்கார்ந்திருக்கிறோம், பதினோரு பேர். நடத்துபவருக்கு நாங்கள் வைத்த பெயர் மூடுபனி. எந்தப் படத்தைக் காட்டினாலும் அதில் மூடுபனி இருப்பதாகச் சொல்வார். வெயிலில் எடுத்த படத்திலும் சொன்னார். நாட்குறிப்பு எழுதச் சொன்னதும் அவர்தான். "பார்த்ததை எழுதுங்க, நினைச்சதை எழுதாதீங்க." எனக்கு இது வசதி. நினைப்பதில் எனக்கு எப்போதுமே சந்தேகம் உண்டு.

இந்த வாரத்துப் படம் பழைய சோகப் படம். ஓய்வு பெற்ற நில அளவையாளர் ஒருவர் வாடகை அறையில் சாகிறார். அவ்வளவுதான் கதை. நூற்றுப் பன்னிரண்டு நிமிடம். இருபதாம் நிமிடத்தில் படுக்கிறார், எழுந்திருப்பதே இல்லை. சாவு மட்டும் பதினோரு நிமிடம், இருபத்துமூன்று ஷாட். அந்தப் பதினோரு நிமிடத்தைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டும்.

அத்தையோடு உட்கார்ந்து மறுபடி பார்த்தேன். வேலைக்காக இந்த ஊருக்கு வந்ததிலிருந்து, மூன்று வருடமாக, அத்தை வீட்டில்தான் இருக்கிறேன். அத்தை தொலைபேசி அலுவலகத்தில் புகார் பிரிவில் முப்பது வருடம் இருந்தவள். ஜனவரி கடைசியில் டாக்டர் மூன்று மாதம் என்றார். ஒரு மாதம் போய்விட்டது. இப்படிப்பட்டவளை வைத்துக்கொண்டு இப்படிப்பட்ட படத்தைப் போடலாமா என்று நான் தயங்கியது உண்மை. அவள்தான் போடச் சொன்னாள்.

"பார்ப்போம், அவனாச்சும் ஒழுங்கா சாகறானான்னு."

ஒழுங்காகச் சாகவில்லை. அத்தை ஐந்தாவது நிமிடத்திலேயே பொறுமை இழந்தாள். "என்னடி இது, ஜன்னலையே காட்றான்? ஆள் போயிட்டானா, இருக்கானா?"

"இருக்கார் அத்தை. இன்னும் ஆறு நிமிஷம் இருக்கு."

"ஆறு நிமிஷமா! அதுக்குள்ள நான் முந்திக்குவேன் போலிருக்கே. யாராச்சும் அவனைத் தூக்கி உட்கார வைங்கடா. தண்ணியாவது ஒழுங்கா குடிப்பான்."

பிறகுதான் பல் செட் விவகாரம். ஷாட் 15-இல் பல் தம்ளரில் இருக்கிறது. ஷாட் 19-இல் அவர் வாய் லேசாகத் திறக்கிறது. உள்ளே வரிசையாக மேல் பல். கன்னம் உப்பலாக இருக்கிறது. நான் நிறுத்தி, பின்னால் ஓட்டி, மூன்று முறை சரிபார்த்தேன்.

அத்தைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "சாகப் போறவனுக்குப் புதுசா பல்லு முளைச்சிருக்குடி!" இருமல் வரும்வரை சிரித்தாள். கையால் வாயை மூடிக்கொண்டுதான் சிரித்தாள். உடம்பு இளைத்ததில் ஈறும் வற்றிவிட்டது. அவளுடைய செட் மூன்று வாரமாக அலமாரியில் கிடக்கிறது. கடைசியாக அதைப் போட்டிருந்தபோது மருந்துக்கடைக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தாள். பாதி வாக்கியத்தில் மேல் செட் கவுண்டர்மேல் விழுந்தது. அன்றிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும் கை வாய்க்குப் போகிறது.

சிரிப்பு அடங்கியதும் கேட்டாள். "நிஜத்துல எப்படி இருக்கும்? பல்லு இல்லாம போனா?"

எனக்குப் பொய் சொல்ல வராது. உதடு உள்ளே போகும், மூக்கும் தாடையும் கிட்டே வரும், கன்னம் ஒட்டும் என்று லேபில் சொல்வதுபோல் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் சொல்கிறேன் என்று உறைத்தது.

"ஓ. சுருக்குப் பை மாதிரி." கன்னத்தைத் தடவிப் பார்த்தாள். "இதோ பாரு. என்னை அப்படி அனுப்பாதே. புதுசா ஒரு செட் பண்ணு. பண்ணி, நான் இருக்கும்போதே குடு. நாலு பேரை நேருக்கு நேர் திட்டிட்டுப் போகணும். கையை வாயில வெச்சுக்கிட்டு யாரையும் திட்ட முடியலைடி."

பாலிஷ் போடுவது வேறு, பல் அடுக்குவது வேறு. தனியாக ஒரு முழு செட்டை நான் அடுக்கியதில்லை. இதைச் சொன்னேன்.

"அதனால என்ன? நானும்தான் தனியா செத்ததில்லை."

மார்ச் 5, வியாழன்

காலையில் முதலாளியிடம் கேட்டேன். கண்ணில் பூதக்கண்ணாடியோடு திரும்பினார். ஒரு கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது.

"பாலிஷ், நான் தப்பா சொல்றேன்னு நினைக்காதே. ரெண்டு மாசத்துக்குப் புது செட்டா? அது பத்து வருஷம் உழைக்கிற சாமான்மா. பழைய செட்டுக்கு அடியில பஞ்சு மாதிரி ஒரு பூச்சு பூசிக் குடுத்துடலாம்."

அப்படிப் பூசி ஏற்கெனவே இரண்டு முறை விழுந்துவிட்டது என்றேன். கையில் அவசர வேலை ஒன்பது இருக்கிறது என்றார். நானும் எண்ணிப் பார்த்தேன், ஒன்பதுதான். அத்தைக்குப் போனில் விஷயத்தைச் சொல்லிவிட்டு, திரும்பி வந்து பாலிஷ் போட்டேன்.

பதினொரு மணிக்கு லேப் போன் அடித்தது. முதலாளி எடுத்தார். பக்கத்தில் நின்ற எனக்கே அத்தை குரல் கேட்டது. பல் இல்லாத வாயில் சொற்கள் பாதி கரைந்து வந்தாலும் அடுக்கு மாறவில்லை. முதலில் புகார் எண். பிறகு புகார்தாரர் பெயர். பிறகு புகாரின் தன்மை. இடையில் முதலாளி ஏழு தடவை "சரிங்கம்மா" என்றார். ரிசீவரை வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன சொல்றாங்கன்னு பாதி புரியலை. ஆனா பயமா இருக்கு. நீயே பண்ணு. மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல. ஒன்பது வேலை முடியற வரைக்கும் என்னால கை வைக்க முடியாது, பார்த்துக்க."

மாலை வகுப்பில், பார்த்ததை மட்டும் சொன்னேன். பதினைந்தில் பல் தம்ளரில், பத்தொன்பதில் வாயில்.

மூடுபனி கண்ணை மூடித் திறந்தார். "அருமை. அந்தத் தம்ளர்ல இருக்கறது பல் இல்லை. அவர் வாழ்நாள் பூரா சொல்லாம விட்ட சொற்கள். அவை அவரை விட்டு வெளியேறி, மூடுபனி மாதிரி, தண்ணிக்குள்ள..."

எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். நானும் எழுதினேன். பிறகு கையைத் தூக்கினேன்.

"அப்போ வாய்ல இருக்கறது என்ன சார்?"

பின் பெஞ்சில் இருக்கும், பகலில் கேஷியராக வேலை பார்க்கும் மனிதர் மெதுவாகச் சொன்னார். "ஸ்பேர் செட்."

வகுப்பு சிரித்து முடிய இரண்டு நிமிடம் ஆனது. மூடுபனி சிரிக்கவில்லை. "நீங்க படத்தை மெக்கானிக் மாதிரி பார்க்கறீங்க" என்றார் என்னிடம். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதை யோசித்தேன். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார் என்று படுகிறது.

அத்தையிடம் சொன்னபோது, "சொல்லாம விட்ட சொற்களா? என்கிட்ட அப்படி எதுவும் ஸ்டாக் இல்லையே" என்றாள்.

மார்ச் 10, செவ்வாய்

சனிக்கிழமை டாக்டரம்மா வீட்டுக்கு வந்து அளவு எடுத்துப் போனார். எங்கள் லேபுக்கு வேலை அனுப்பும் பல் டாக்டர் அவர். அத்தையால் இப்போது மாடி இறங்க முடியவில்லை. இன்று பைட் எடுக்க மறுபடி வந்தார். பைட் என்றால் இதுதான்: ஈறின் வடிவத்துக்கு மெழுகில் திண்டு செய்து, வாயில் வைத்துக் கடிக்கச் சொல்லி, மேல் தாடையும் கீழ்த் தாடையும் எங்கே சந்திக்கின்றன என்று குறித்துக்கொள்வது. அந்தக் குறியை வைத்துத்தான் பல் அடுக்க முடியும். திண்டுகளை நான்தான் செய்திருந்தேன். உயரம் நான்கு முறை அளந்தேன்.

அத்தை காலையில் ஊசி போட்டுக்கொண்டு மிகவும் சோர்ந்திருந்தாள். "உட்கார வெச்சா நல்லா இருக்கும்" என்றார் டாக்டரம்மா. "வேணாம் டாக்டர், படுத்திருக்கட்டும், பாவம்" என்றேன் நான். அவரும் சரி என்றார். அத்தை கடித்தாள், குறித்தோம், ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

அத்தைக்கு ஒரே ஒரு நிபந்தனை. அவளுடைய சொந்தப் பல்லில் இடது முன்பல் பக்கத்துப் பல்மேல் ஏறி உட்கார்ந்திருக்குமாம். அது வேண்டும். "பேங்க் விளம்பரத்துல வர்றவ பல்லை எனக்கு வெச்சே, தொலைச்சுடுவேன்." ஆதாரமாக அலுவலக அடையாள அட்டையைக் கொடுத்தாள். முப்பது வயது அத்தை அதில் போட்டோகிராபரைக் கடிக்கப் போவதுபோல் இருக்கிறாள். பல் நன்றாகத் தெரிகிறது. பெரிதாக்கி, கோணத்தைக் குறித்துக்கொண்டேன்.

இன்று வகுப்புக்குப் போகவில்லை. கட்டுரை ஒரு வரிகூட எழுதவில்லை.

மார்ச் 13, வெள்ளி

மூன்று மதிய வேளைகள். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே மெழுகில் இருபத்தெட்டுப் பல் அடுக்கினேன். இடது முன்பல்லை மட்டும் பதினொரு தடவை பிடுங்கி வைத்தேன். அழகாக அடுக்கப் பழகிய கைக்குக் கோணலாக ஒரு பல்லை வைக்க வரவில்லை. கை அதைத் தானாகவே நேராக்கிவிடுகிறது.

முதலாளி ஒரு கண்ணால் பார்த்தார். "எந்தப் பல்லு இது, ரவுடி மாதிரி?"

"அத்தை பல்லு சார்."

"போன்ல கேட்ட குரலுக்குச் சரியா இருக்கு."

மாலை மருத்துவமனைக்குப் போன் செய்தேன். டாக்டர் மாதம் என்ற சொல்லைப் பயன்படுத்தவில்லை. வாரம் என்றார். எத்தனை என்று கேட்டேன். "பார்க்கலாம்" என்றார். அத்தையிடம் இதைச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. பல் எப்போது என்று மட்டும் கேட்டாள்.

மார்ச் 15, ஞாயிறு

ஞாயிறுதோறும் அப்பா ஊரிலிருந்து வருவார். அத்தைக்குத் தம்பி. டிரைவிங் பள்ளியில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர், பதறாத மனிதர் என்று பெயர் எடுத்தவர். அக்காவைப் பார்த்தால் மட்டும் கதவருகிலேயே கண் கலங்கிவிடுவார். வரும்போதெல்லாம் ஆறு ஆப்பிள் கொண்டுவருவார். பல் இல்லாதவளுக்கு ஆப்பிள். ஃபிரிட்ஜில் இப்போது இருபத்துநான்கு இருக்கிறது.

"வாடா அழுமூஞ்சி" என்றாள் அத்தை. "உனக்கொரு வேடிக்கை இருக்கு. உட்காரு."

மெழுகு செட்டை வைத்துப் பார்க்கும் நாள் இன்று. பல் நிஜம், ஈறு மட்டும் மெழுகு. சரியாக இருந்தால் மெழுகை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் வார்க்கலாம். வார்த்துவிட்டால் மாற்ற முடியாது. அத்தை படுத்திருந்தாள். முதலில் கீழ் செட், பிறகு மேல் செட். உதட்டை மூடினாள்.

முகம் திரும்பி வந்தது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஐந்து வாரமாக நான் மறந்தே போயிருந்த ஒரு முகம், தலையணைமேல். கன்னம் நின்றது, உதடு நின்றது. லேசாகச் சிரித்தபோது அந்த ரவுடிப் பல் எட்டிப் பார்த்தது.

அப்பா வெடித்து அழுதார். "அக்கா... அக்கா மாதிரியே இருக்கியே அக்கா..."

"வேற யார் மாதிரிடா இருப்பேன்?" கைக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வாயை மூடக் கை போகவில்லை. "பரவாயில்லை பாலிஷ். கைக்காரிதான் நீ. சரி, என்னைத் தூக்கி உட்கார வைங்க. சோதனை ஓட்டம்."

ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கினோம். அத்தை முதுகை நிமிர்த்தினாள். தொண்டையைச் செருமினாள். முப்பது வருடக் குரலில் ஆரம்பித்தாள்.

"வணக்கம். புகார் பிரிவு. சொல்லுங்க..."

டக். முன்பற்கள் ஒன்றோடொன்று மோதின. 'சொல்லுங்க' விசிலாக வந்தது. கீழ் செட் துள்ளி எழுந்து நாக்கின்மேல் உட்கார்ந்தது. மறுபடி சொன்னாள். மறுபடி டக், விசில். அப்பா அழுகையை நிறுத்திவிட்டார். குனிந்து பார்த்தேன். முன்பல் நுனியோடு நுனி முட்டுகிறது, கடைவாய்ப் பல் இரண்டு பக்கமும் தொடவே இல்லை, நடுவில் ஒரு தீக்குச்சி போகும். படுக்க வைத்தேன். கச்சிதமாகப் பொருந்தியது. உட்கார வைத்தேன். டக்.

இரண்டாவது தடவை படுக்க வைக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. படுத்திருக்கும்போது தாடை தன் எடையில் பின்னால் சரியும். பலவீனமான ஆளுக்கு இன்னும் சரியும். லேபில் முதல் மாதம் கற்றுக்கொடுத்த பாடம், என் நோட்டில் அடிக்கோடு போட்டு எழுதியிருக்கிறேன். பைட் எப்போதும் உட்கார வைத்து எடுக்க வேண்டும். டாக்டரம்மா சொன்னார். நான்தான் பாவம் பார்த்தேன்.

சொல்லிவிட்டேன். "அத்தை, தப்பு என்னோடது. படுக்க வெச்சு அளவெடுத்துட்டேன். இது படுத்திருந்தாத்தான் பொருந்தும்."

அத்தை மேல் செட்டைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். கோபமா என்று தெரியவில்லை. பல் இல்லாத முகத்தில் கோபம் தெரிவதில்லை.

அப்பாதான் முதலில் பேசினார், மெதுவாக. "படுத்திருக்கும்போது நல்லாத்தானேம்மா இருக்கு. அப்படியே முடிச்சுக் குடுத்துடேன். மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிச்சு... நாள் வேற..." முடிக்கவில்லை.

எனக்கும் ஒரு கணம் அதுதான் தோன்றியது. ஒளிக்காமல் எழுதி வைக்கிறேன். வார்த்துவிட்டால் புதன்கிழமை கையில் இருக்கும். கடைசியில் எந்த நிலையில் அது தேவைப்படுமோ அந்த நிலைக்குக் கச்சிதம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். மறுபடி பைட் எடுத்து மறுபடி அடுக்கினால் இன்னும் ஒரு வாரம். அந்த ஒரு வாரம் இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது.

"டேய்" என்றாள் அத்தை. "இவ ஒரு படம் போட்டுக் காட்டினா. அதுல ஒருத்தன். டாக்டர் வர்றான், வீட்டுக்காரன் வர்றான், மக வர்றா. எல்லாரும் படுத்துக்கோ படுத்துக்கோங்கறாங்க. அவனும் படுத்தே கிடக்கான், ரெண்டு மணி நேரம். ஒரு நாயும் அவனைத் தூக்கி உட்கார வெக்கலை. நீங்களும் அதையேதான்டா பண்றீங்க." இந்த இடத்தில் மூச்சு வாங்கினாள். "போன பிறகு நான் யார்கிட்டடா பேசப் போறேன்? எனக்கு உட்கார்ந்து பேசற பல்லு வேணும்."

"நாள் பத்தலைன்னா, அத்தை?" கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன்.

"பத்தலைன்னா இந்த மெழுகையே வெச்சு அனுப்பு. படுத்தா பொருந்துதுன்னு நீதானே சொன்னே? ஸ்பேர் செட்." அவளே சொல்லி அவளே சிரித்தாள், வாயை மூடாமல். அப்பாவும் சிரித்தார், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "இப்போ அந்த ஆப்பிளை எடுத்துட்டுப் போய் யாருக்காச்சும் குடுடா. ஒண்ணு மட்டும் வெச்சுட்டுப் போ. பல்லு வந்ததும் கடிக்கணும்."

அப்பா இருபத்துமூன்று ஆப்பிளைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். டாக்டரம்மாவுக்குப் போன் செய்து என் தவறைச் சொன்னேன். "நானும்தானே சரின்னேன்" என்றார், நாளை ஒரு மணிக்கு வருவதாகச் சொன்னார். முதலாளிக்கும் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, பல் அடுக்கும் வேலையில் தானும் ஒரு பக்கம் கை கொடுப்பதாகச் சொன்னார். "அந்த ரவுடிப் பல்லை மட்டும் நீயே வை. எனக்கு அது வராது."

கட்டுரைக்கு இரண்டு வரி எழுதியிருக்கிறேன். பதினைந்தாம் ஷாட்டில் பல் தம்ளரில் இருக்கிறது, பத்தொன்பதாம் ஷாட்டில் வாயில் இருக்கிறது. காரணம் எனக்குத் தெரியாது. இருபதாம் நிமிடத்திலிருந்து கடைசிவரை அந்த மனிதரை ஒருவரும் உட்கார வைக்கவில்லை. பார்த்ததை மட்டும்தான் எழுதியிருக்கிறேன் என்று நினைக்கிறேன்.

நாளை, திங்கள். காலையில் புது மெழுகுத் திண்டுகள் இரண்டு செய்து, மெழுகு செட்டை டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் ஆப்பிளுக்குப் பக்கத்தில் பத்திரப்படுத்த வேண்டும். ஒரு மணிக்குள் சமையலறையிலிருந்து கை வைத்த நாற்காலியைக் கொண்டுவந்து, முதுகுக்கு இரண்டு தலையணை, கழுத்துக்கு ஒரு துண்டு. அத்தையை உட்கார வைத்துப் பைட் எடுக்க வேண்டும்.